சாரல் ஊரில் போர்டு கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் போர்டு கேம் ஆடுகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத சில தொல்லைகள் உண்டு. ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் ஈரக்காற்று அலமாரிக்குள்ளும் நுழைந்துவிடும். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் சிலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், சிலர் மலையாளம். 1956 வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர்தானே. பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கப் பக்கத்தில் பெரிய கடையும் கிடையாது. புதிதாக இந்தப் பழக்கத்துக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் பணத்தையும் கூட ஆடுகிற ஆட்களையும் இழந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது எல்லோரும் பெட்டியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வீட்டை. எத்தனை பேர் உட்காருவார்கள், எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? 1995இல் ஜெர்மனியில் வந்த கேட்டான் அருமையான ஆட்டம். ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டில் அது அலமாரியை விட்டு இறங்காது. அங்கே இரண்டு பேரே ஆடக்கூடிய கார்கசோனோ அசூலோ வாரம் ஒருமுறையாவது மேசைக்கு வரும். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது ஆட்டம் தெரிந்தவர்களுக்கான நேரம். முதல் தடவை ஆடும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆள் மேசையில் இருந்தால் இது முக்கியம்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது போலியாக இருக்கலாம். ஓடுகள் (மேசையில் அடுக்கி ஆடும் துண்டுகள்) மெலிந்து, அச்சு மங்கி, வெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அழகு குறைவு என்பதோடு போகிற விஷயம் இல்லை இது. சீட்டின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று மாறினால், எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று திருப்பாமலே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆட்டத்தை ஆடி என்ன பயன்?

இனி, ஆட்டம் சொல்லிக் கொடுப்பது. புது ஆட்கள் இரண்டாம் முறை வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார்கள். பத்து நிமிடத்தில் அண்ணாச்சி போனை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதற்காக ஆடுகிறோம் என்று தெரியாமல் விதியை மட்டும் கேட்டால் எதுவும் மனதில் நிற்காது.

ரயில் பாதை போடும் ஆட்டமான டிக்கெட் டு ரைடையே எடுத்துக்கொள்வோம். முதலில் நோக்கத்தைச் சொல்லுங்கள்: "உங்க கையில இருக்கிற டிக்கெட்டுல ரெண்டு ஊர் பேர் போட்டிருக்கு. அந்த ரெண்டையும் ரயில் போட்டு இணைக்கணும். இணைச்சா அந்தப் புள்ளி உங்களுக்கு, இணைக்கலன்னா அதே புள்ளி கழியும்." அடுத்து, எப்போது முடியும்: யாராவது ஒருவர் கையில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ ரயில் மிச்சமிருந்தால், எல்லோருக்கும் இன்னும் ஒரு முறை, அதோடு சரி. கடைசியாக, ஒரு முறை வரும்போது என்ன செய்யலாம்: சீட்டு எடுக்கலாம், பாதை பிடிக்கலாம், புது டிக்கெட் எடுக்கலாம், மூன்றில் ஒன்றுதான். இவ்வளவு போதும், ஆரம்பித்துவிடலாம். விரித்து வைத்த சீட்டில், எந்த நிறத்துக்கும் செல்லும் எஞ்சின் சீட்டை எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றோடு முடிந்தது என்பதை, யாராவது அதை நோக்கிக் கை நீட்டும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தோற்கடிக்கக்கூடிய விதி எதையும் அப்படித் தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட் புள்ளி கழியும் என்பதைக் கடைசியில் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆட்கள் வருவதற்கு முன்பே பலகையை விரித்து, காய்களைப் பிரித்து வைத்துவிடுங்கள். கேட்டானில் புதியவர்களுக்கென்று விதிப் புத்தகத்திலேயே ஒரு ஆரம்ப அமைப்பு கொடுத்திருக்கிறார்கள். அனுபவசாலிகள் அதை மதிப்பதில்லை. புது ஆள் இருக்கும்போது அதையே போடுங்கள். பகடையில் விழும் எண் எந்த நிலத்தில் போட்டிருக்கிறதோ அதை ஒட்டி வீடு வைத்தவருக்குத்தான் சீட்டு வரும்; இல்லாவிட்டால் அவர் முதல் வீட்டை 2லோ 12லோ போய் வைப்பார். இரண்டு பகடைகள் விழும் 36 விதத்தில் அந்த எண்கள் வருவது ஒவ்வொரு விதம்தான், 6ம் 8ம் ஐந்தைந்து விதம். ஒரு மணி நேரம் கையில் சீட்டே வராமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ஆட்டம் எப்படிப் பிடிக்கும்?

எல்லைப் பகுதிக்கே உரிய தவறு ஒன்று உண்டு: சீட்டு முழுக்க ஆங்கில வாக்கியமாக இருக்கும் ஆட்டத்தைக் கலவையான மேசைக்குக் கொண்டுவருவது. புனலூரிலிருந்து வரும் சேட்டனுக்கும் நம் பெரியம்மாவுக்கும் அதைப் பக்கத்து ஆள் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ரகசியச் சீட்டை வாசித்துச் சொன்னால் ரகசியம் ஏது? நிறமும் படமும் எண்ணும் மட்டும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துள்ள ஆட்டத்தை விட மனமில்லை என்றால், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சிறு துண்டில் விஷயத்தை எழுதி, சீட்டுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் சொருகி வையுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

இதைவிட நல்ல வழி, வந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குவது. மலைக்கு அந்தப் பக்கம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடாத ஊர் இருக்குமா என்று தெரியவில்லை. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, சீட்டுக்கட்டின் நான்கு ஜாதிக்கும் (ஸ்பேட், ஹார்ட் மாதிரி) சேர்த்தால் 28. இந்தக் கணக்கில் ஊறிய ஒருவருக்குத் துருப்பு (மற்ற ஜாதிகளை வெட்டும் ஜாதி) என்றால் என்ன, இறங்கிய ஜாதியையே போட வேண்டும் என்றால் என்ன என்று விளக்கவே தேவையில்லை. அவர் முன்னால் 2019இல் வந்த தி க்ரூவை வையுங்கள். அதுவும் பிடி (ஒரு சுற்றில் விழும் சீட்டுகள்) பிடிக்கிற சீட்டாட்டம்தான்: நான்கு நிறம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை, துருப்புக்கு நான்கு ராக்கெட். ஒரே வித்தியாசம், எல்லோரும் ஒரே கட்சி. இன்ன சீட்டு இன்னார் பிடியில் விழ வேண்டும் என்று ஒரு வேலை கொடுப்பார்கள், கையில் இருப்பதைப் பேசக் கூடாது. இருபத்தெட்டு ஆடுகிறவர்கள் பாதி நேரம் பார்வையிலேயே பேசிப் பழகியவர்கள். அவர்களுக்கு இது உடனே பிடித்துவிடுகிறது. 50 பணிகள் இருக்கின்றன, ஒரு மழைக்காலத்துக்குத் தாராளமாகப் போதும்.

எல்லோரும் ஒரே கட்சியாக ஆடும் ஆட்டங்களில் இன்னொரு ஆபத்து, ஒருவரே எல்லோருக்காகவும் ஆடிவிடுவது. நோய் பரவுவதைத் தடுக்கும் ஆட்டமான பாண்டமிக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு நான்கு செயல். ஆட்டம் தெரிந்தவர் "நீ சென்னைக்குப் போ, அதைக் குணப்படுத்து, இந்தச் சீட்டை அவளிடம் கொடு" என்று சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் காய் நகர்த்துகிற கூலிகளாகிவிடுவார்கள். யாருடைய முறையோ அவர் முதலில் தன் யோசனையைச் சொல்லட்டும், அவர் கேட்டால் மட்டும் மற்றவர்கள் பேசட்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அதனால் தோற்றாலும் பரவாயில்லை.

வீட்டு விதிகள் பற்றிச் சுருக்கமாக. மோனோபோலி இழுத்துக்கொண்டே போகிறது என்பார்கள். விதிப்படி, வந்து நின்றவர் இடத்தை வாங்க மறுத்தால் வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும். பலர் வீட்டில் இந்த விதியே கிடையாது. ஃப்ரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் நின்றால் குவிந்த பணத்தை அள்ளலாம் என்பது விதிப் புத்தகத்தில் இல்லவே இல்லை. ஏலத்தைச் சேர்த்து, இந்தப் பணத்தை நீக்கி ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

கடைசியாகச் சாரல். இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் அந்தப் பக்கம் விரிந்து அட்டை வளையும். ஆடி மாதத்தில் ஒரு சீட்டை மேசையில் வைத்துப் பாருங்கள், மெல்ல வளையத் தொடங்கும். உடனே வெயிலில் காய வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நிறத்தை வெளுப்பாக்கி வளைவை இன்னும் கூட்டும். காற்று காய்ந்த அறையில், கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பாலிதீன் பையில் கட்டி வைப்பதும் தவறுதான். சாரல் அடிக்கும் நாளில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் உள்ளே கட்டுகிறீர்கள். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல். பாச்சா உருண்டை வேண்டாம். அதன் வாடை அட்டையை விட்டுப் போகாது, சில வகைப் பிளாஸ்டிக் காய்களும் கெடும்.

உறை வாங்குவதற்கு முன் சீட்டை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 63 × 88 மி.மீ. நிறைய ஆட்டங்களுக்குப் பொருந்தும், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. மழைக்கு பஜ்ஜி இல்லாமல் இருக்க முடியாது, சரி, தட்டை வேறு ஸ்டூலில் வைத்து, கையைக் கழுவிவிட்டு வந்து சீட்டைத் தொடச் சொல்லுங்கள்.

எடுத்து வைக்கும்போது காய்களை எண்ணிப் போடுங்கள். கார்கசோன் அடிப்படைப் பெட்டியில் ஓடு 72, டிக்கெட் டு ரைடில் ஆளுக்கு ரயில் 45. குறைந்தால் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே தேடிவிடலாம். சோபா இடுக்கிலோ யாருடைய சட்டைப் பையிலோ இருக்கும்.