தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து ஃபீ ஃபீ தீவுகளுக்கு ஸ்பீட் போட்: முதல்முறை போகிறவர்களுக்கு

1. முதலில் மாதம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அலை பெரிதானால் பயணத்தையே ரத்து செய்வார்கள். பவளப்பாறைகள் அழிந்ததால் 2018இல் மூடப்பட்ட ஃபீ ஃபீ லே தீவின் மாயா பே கடற்கரை, 2022 ஜனவரியில் திறந்தது. இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். அதற்காகவே போகிறீர்கள் என்றால் இந்த இரண்டு மாதங்கள் வேண்டாம்.

2. புக்கிங்

விலையை மட்டும் பார்க்காதீர்கள். தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் தனி: வெளிநாட்டவரில் பெரியவர்களுக்கு 400 பாட், குழந்தைகளுக்கு 200. அது சேர்ந்த விலையா என்று கேளுங்கள். படகில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நாற்பது பேர் இறங்கி ஏறவே நேரம் போய்விடும். காலையில் முதலில் கிளம்பும் படகே என் தேர்வு. காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர்கள் ஸ்பீட் போட்டில் ஏறவே கூடாது. பெரிய ஃபெர்ரி இருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும், அதில் போகலாம்.

3. வாந்தி மாத்திரை

பலர் தவறவிடுவது இதைத்தான். டைமென்ஹைட்ரினேட் மாத்திரையைப் படகு கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாகப் பலிக்காது. அதன் வேலை நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான். காலை 7 மணிக்குப் போட்டது, பிற்பகலில் காற்று கூடித் திரும்பும்போது தீர்ந்திருக்கும். போகும்போது நன்றாக இருந்தவர்கள் வரும்போது சுருண்டு படுப்பது இதனால்தான். மதியச் சாப்பாட்டோடு அடுத்த மாத்திரை போடலாமா, எவ்வளவு என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் கேட்காமல் போடவே வேண்டாம். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி அளவு போதும்.

4. எங்கே உட்காருவது

போட்டோ நன்றாக வரும் என்று எல்லோரும் முன்பக்கத்துக்கு ஓடுவார்கள். வேகமெடுத்ததும் படகின் மூக்கு மேலே எழும்பி, பின்பகுதி மட்டும் தண்ணீரைத் தொட்டபடி ஓடும். ஒவ்வொரு அலைக்கும் மூக்கு ஓரடி இரண்டடி தூக்கி, 'தொம்'மென்று இறங்கும். அந்த அடி முழுக்க இடுப்பெலும்பில் இறங்குகிறது. முதுகெலும்பு நொறுங்கியவர்களும் உண்டு. கடைசி வரிசையில் குலுக்கல் குறைவு, ஆனால் எஞ்சின் புகை குமட்டும். எஞ்சினுக்கு இரண்டு மூன்று வரிசை முன்னே, கூரைக்குக் கீழே, முன்னோக்கிய இருக்கைதான் சரியான இடம். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். முன்னால்தான் இடம் கிடைத்தது என்றால் பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கம்பியைப் பிடித்து, படகு இறங்கும் நொடியில் இடுப்பைச் சற்றுத் தூக்கி அடியைக் காலில் வாங்குங்கள்.

செருப்பைப் படகுத்துறையிலேயே கூடையில் வாங்கிவிடுவார்கள். கரையில் பவளத் துண்டுகள் காலைக் கிழிக்கும். தண்ணீரில் நடக்கும் ரப்பர் ஷூவைப் பையில் வையுங்கள். போனுக்கு வாட்டர்ப்ரூஃப் பை வாங்கினால், முதலில் டிஷ்யூ பேப்பரைப் போட்டு வாளித் தண்ணீரில் அரை மணி அமுக்கிப் பாருங்கள்.

5. தண்ணீரில்

மாயா பேயில் நீந்தத் தடை. படகு தீவின் பின்புறமுள்ள லோ சமா விரிகுடா வழியாக இறக்கிவிடும், அங்கிருந்து நடை. குளியலும் ஸ்நார்க்கலிங்கும் (மாஸ்க்கும் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) மற்ற நிறுத்தங்களில்தான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு, பட்டையை இழுத்துக் கட்டுங்கள். மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் காற்றை இழுங்கள், விழாமல் நின்றால் அளவு சரி. நம் ஆண்களுக்கு மீசை வழியே தண்ணீர் புகும். மூக்குக்குக் கீழே மீசையின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மழித்தால் கசிவு நன்றாகக் குறையும்.

ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தாய்லாந்து கடல் பூங்காக்களில் 2021 முதல் தடை. இவை பவளத்தைக் கெடுக்கும் என்பதே காரணம். லேபிளைப் படியுங்கள். அதைவிட முழுக்கைச் சட்டையே மேல்.

குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கடித்தால் நேராக ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும்.

சைவர்களுக்குக் கூடுதலாக

பஃபேயில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும். 'வெஜ்' என்றால் இறைச்சித் துண்டு இல்லாதது என்றே புரிந்துகொள்வார்கள். 'ஜே' என்று கேளுங்கள். முட்டை, பால், பூண்டுகூட இல்லாத சாப்பாடு அது. புக் செய்யும்போதே சொல்லுங்கள், மதியம் தீவில் இறங்கிச் சொன்னால் வெள்ளைச் சோறும் தர்பூசணியும்தான்.