பெங்களூரு வந்த இடத்தில் ஒரு ஃபுட்பால் மேட்ச்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆபீஸ் வேலையாகவோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கோ பெங்களூரு வருகிறீர்கள், ஒரு சாயங்காலம் சும்மா இருக்கிறது. மாலில் சுற்றுவதை விட்டுவிட்டு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்.சி. ஆடுவதைப் பாருங்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் மட்டும் கோட்டை விடக் கூடாது.

1. தேதி

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அட்டவணை சீசனுக்கு சீசன் மாறும். கிளப்பின் இணையப் பக்கத்தில் ஹோம் மேட்ச் என்றைக்கு என்று பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். எதிரணி சென்னையின் எஃப்.சி. என்றால் இன்னும் விசேஷம். 2018 மார்ச் 17 அன்று இதே மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் பெங்களூருவின் சுனில் சேத்ரி 9-வது நிமிடமே கோல் போட்டும், சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச்சும் அப்படித்தான், சூடு குறையாது. 2023-ல் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை எதிர்த்து அவர்கள் மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள்.

2. எந்த ஸ்டாண்ட்?

கண்டீரவா அத்லெடிக்ஸுக்கும் சேர்த்துக் கட்டிய ஸ்டேடியம். புல்தரைக்கும் கேலரிக்கும் நடுவே ஓட்டப் பாதை இருக்கிறது. அதனால் கீழ் வரிசை என்றால் கிட்டத்தில் தெரியும் என்று நினைத்து முன்னால் போய் உட்காராதீர்கள்; வீரர்களின் கால்தான் தெரியும், ஆட்டம் புரியாது. நீளவாட்டுப் பக்கத்தில், முடிந்தவரை மேல் வரிசையாகப் பிடியுங்கள். யார் எங்கே ஓடுகிறார், எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று அங்கிருந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற ரசிகர் கூட்டம் இருக்கும் பகுதி தனி உலகம். தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாட்டு, டிரம், கைதட்டல். இளவட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே எடுங்கள். கைக்குழந்தையோ அப்பா அம்மாவோ கூட வந்தால் வேண்டாம்.

சென்னை ரசிகர்களே, உங்களுக்கும் நீலம்தான், அவர்களுக்கும் நீலம்தான். அந்தத் தைரியத்தில் உள்ளூர் ரசிகர்களுக்கு நடுவே உட்கார்ந்து சென்னை கோலுக்குத் துள்ளிக் குதிக்காதீர்கள். வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கும் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்.

3. போய்ச் சேருவது

ஆட்டோக்காரரிடம் வெறும் 'ஸ்டேடியம்' என்றால் சின்னசாமி கிரிக்கெட் ஸ்டேடியத்தில் இறக்கிவிடுவார். வெறும் 'கண்டீரவா' என்றாலும் ஆபத்து: ராஜ்குமார் சமாதி இருக்கும் கண்டீரவா ஸ்டுடியோ ஊரின் இன்னொரு கோடியில், அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கிறது. 'கஸ்தூர்பா ரோடு பக்கம், கண்டீரவா ஸ்டேடியம்' என்று முழுசாகச் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடப்பதே மேல். சாயங்கால டிராஃபிக்கில் ஆட்டோவை விட நடை முந்திக்கொள்ளும்.

4. கேட்

மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில், லைட்டர், பவர் பேங்க், பெரிய பை எல்லாம் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். போனை முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு, டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் நெட் படுத்தும். மழைக்காலம் என்றால் குடைக்குப் பதில் மழைக்கோட்டு.

5. உள்ளே

நாற்பத்தைந்து நிமிடம், பதினைந்து நிமிட இடைவேளை, மறுபடி நாற்பத்தைந்து. கழிப்பறைக்குப் போவதாக இருந்தால் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிடுங்கள். ஆஃப்சைடு புரியவில்லையா? பக்கத்து சீட்டில் கேளுங்கள், ஆளாளுக்கு ஒரு விளக்கம் வரும்.

6. மறுநாளும் ஊரில் இருந்தால்

அசோக் நகரில் பெங்களூர் ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கிறது. பெங்களூரு எஃப்.சி. 2013-ல் தொடங்கி முதல் சீசனிலேயே, அப்போது நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக் பட்டத்தை வென்றபோது அதுதான் அவர்களுக்குச் சொந்த மைதானம். உள்ளூர் லீக் ஆட்டங்கள் நடக்கும் இடமும் அதுவே. இங்கே ஓட்டப் பாதை கிடையாது, பந்தை உதைக்கும் சத்தமே கேட்கும். அங்கிருந்து ஹலசூர் பக்கம் கௌதமபுராவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் அந்தப் பேட்டையை 'மினி பிரேசில்' என்பார்கள், பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அடுத்த மேட்ச் எங்கே, எப்போது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.