சீலியாக் நோயோடு இத்தாலிப் பயணம்: தட்டைக் கேட்காதீர்கள், பாத்திரத்தைக் கேளுங்கள்

பீட்சாவும் பாஸ்தாவும் பிறந்த நாட்டுக்குக் கோதுமை ஆகாதவர் போகலாமா என்று வீட்டில் தயங்குவார்கள். தாராளமாகப் போகலாம். சீலியாக் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய். அந்த நோயாளிகளுக்கு வசதியான நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் நிற்கிறது. 2005-இல் வந்த 123-ஆம் எண் சட்டம் சீலியாக்கை ‘சமூக நோய்’, அதாவது அரசு பொறுப்பேற்று உதவ வேண்டிய நோய், என்று அங்கீகரித்தது. பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்பவருக்கு குளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடையில்கூட "செலியாகோ" என்ற சொல் பரிமாறுபவருக்குத் தெரிந்திருக்கும்.

அங்கே வம்பு, கண்ணுக்குத் தெரியும் கோதுமையால் வருவதில்லை. கரண்டி, வடிதட்டு, கொதித்த தண்ணீர், அடுப்புத் தரை இவற்றில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் ஆளைப் படுக்க வைக்கும். சில வீடுகளில் பாட்டிமார் ‘பத்து’ பார்ப்பார்கள்: சோற்றுப் பானையைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிர்ச் சட்டியைத் தொடக் கூடாது. கணக்கு அதேதான், சோற்றுக்குப் பதில் கோதுமை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பட்டால் கெடுதல்? 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலின் உட்சுவர் பழுதாவது தெரிந்தது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 30 கிராம் பிரெட் துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதில் இருநூறில் ஒரு பங்கே 10 மில்லிகிராம். அதாவது தட்டின் ஓரத்தில் கிடக்கும் நாலைந்து துகள். "பிரெட்டை எடுத்துவிட்டேன், மற்றதைச் சாப்பிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்தத் தட்டையே மாற்றச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

பெட்டி கட்டும்போது

முதல் தவறு நம் வீட்டுச் சமையலறையிலேயே நடக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்தது. ஆகவே சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், அரிசி முறுக்கு, அப்பளம் எல்லாமே சந்தேகப் பட்டியலில் சேரும். ‘அரிசி மாவில் செய்தது’ என்ற பேச்சை மட்டும் நம்பி முறுக்கு டப்பாவைத் தூக்கிப் போகாதீர்கள். பெருங்காயமே போடாமலோ, அரிசி மாவு கலந்த பெருங்காயம் போட்டோ பொடியை வீட்டில் இடித்துக்கொள்வதே நல்லது. அவல், உடனடி அரிசிச் சேவை, கடலை மிட்டாய் ஆகியவற்றை உறைப் பட்டியலைப் படித்துவிட்டு எடுத்துச் செல்லலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, பன்னீர், நெய் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் போகாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை.

விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாட்டின் குறியீடு ஜி.எஃப்.எம்.எல். குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிந்து, பயணச்சீட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சைவக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் ஓர் இருக்கைக்கு ஒரே குறியீடுதான், சைவக் குறியீட்டை இதோடு சேர்க்க முடியாது. கோழி வந்து சேரலாம். பணியாளர் பழக்க தோஷத்தில் சாதாரண பன் ஒன்றையும் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு வேளைக்கான அவல் கைப்பையில் இருக்கட்டும்.

லேபிளில் தேட வேண்டிய சொற்கள்

இவற்றின் இத்தாலிய எழுத்து வடிவத்தை ஊரிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ருமென்தோ, க்ரானோ, செமோலா, ஃபார்ரோ நான்கும் கோதுமை வகை. ஓர்ட்சோ என்றால் பார்லி, சேகாலே என்றால் ரை, மால்ட்டோ என்றால் மால்ட். ரீசோ அரிசி, மாயிஸ் மக்காச்சோளம், செச்சி கொண்டைக்கடலை, இவற்றைச் சாப்பிடலாம். க்ரானோ சராச்செனோ என்பதில் ‘க்ரானோ’ இருந்தாலும் அது கோதுமையே அல்ல, பக்வீட் என்ற வேறு தானியம். ஆனால் அதில் செய்த பாஸ்தாவில் கோதுமை மாவும் கலப்பது வழக்கம், முழுப் பட்டியலையும் படியுங்கள்.

பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருளைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ‘சென்ட்சா க்ளூத்தீனே’ (குளூட்டன் இல்லாதது) என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்தச் சொல் இருக்கும் பொட்டலத்திலேயே பட்டியலில் ‘அமிதோ தி ஃப்ருமென்தோ தெக்ளுத்தினாத்தோ’ என்று கண்டு பதறிப் போகிறவர்கள் உண்டு. அது குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச். 20 மில்லிகிராம் வரம்புக்குள் இருப்பதால் சீலியாக்காரர் சாப்பிடலாம். கோதுமை அலர்ஜி உள்ளவர் மட்டும் தொடக் கூடாது.

இந்தப் பாக்கெட்டுகள் சூப்பர் மார்க்கெட்டில் மட்டுமல்ல, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊரில் மாட்டிக்கொண்டால் முறைவைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடைதான் துணை.

ஓட்டலில்

ஏ.ஐ.சி. என்ற இத்தாலிய சீலியாக் சங்கம் 1979-இல் தொடங்கியது. அது பயிற்சி கொடுத்துக் கண்காணிக்கும் ஓட்டல், பீட்சா கடை, ஐஸ்கிரீம் கடைகள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதல் தேடல் அங்கேதான். மெனுவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுதிவைத்திருப்பது வேறு, இந்தப் பயிற்சி பெற்றிருப்பது வேறு.

உட்கார்ந்ததும் ஆண் "சோனோ செலியாகோ" என்றும் பெண் "சோனோ செலியாகா" என்றும் சொல்ல வேண்டும். ‘எனக்கு கோதுமை பிடிக்காது’, ‘டயட்’ போன்ற பேச்செல்லாம் வேண்டாம். அப்படிச் சொன்னால் சமையலறையில் கவனம் பாதியாகிவிடும். பிறகு நான்கு கேள்வி:

பாஸ்தா தனிப் பாத்திரத்தில், புதுத் தண்ணீரில் வேகிறதா? சாதாரண பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவு கரைந்திருக்கும். குளூட்டன் இல்லாத பாஸ்தாவை அதே தண்ணீரில் போட்டு எடுத்தால் வாங்கிய பாக்கெட்டுக்கே அர்த்தமில்லை.

வடிதட்டு தனியா? பாத்திரத்தை மாற்றுபவர்கள் மறப்பது இதைத்தான். கம்பி வலையில் சிக்கிய பாஸ்தா பிசினைக் கழுவினாலும் முழுக்கப் போகாது.

பொரிக்கும் எண்ணெய் தனியா? உருளைக்கிழங்கில் குளூட்டன் இல்லைதான், ஆனால் மாவு தோய்த்த கணவாய் பொரித்த எண்ணெயில் அது மிதந்திருக்கலாம்.

பீட்சா எங்கே தட்டப்படுகிறது, எந்த அடுப்பில் வேகிறது? இதில்தான் அதிகம் ஏமாறுவார்கள். மாவுருண்டை குளூட்டன் இல்லாததாகவே இருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் கோதுமை மாவு தூவுகிறார்கள், அது காற்றில் பறக்கிறது. அடுப்பின் கல்தரை முழுக்கக் கருகிய மாவு. தனி அடுப்பும் தனி இடமும் இருக்கும் கடை முதல் தரம். ஒரே அடுப்பு என்றால் மூடிய பாத்திரத்திலோ தனித் தட்டிலோ வைத்துச் சுடுகிறார்களா, மாவு வேறு அறையில் பிசைகிறார்களா என்று கேளுங்கள். பதிலில் இழுப்பு இருந்தால் அன்று பீட்சா வேண்டாம்.

இரவுக் கடை திறக்கும் ஏழரை மணிக்கே போய்விடுவது புத்திசாலித்தனம். தண்ணீரும் எண்ணெயும் புதிது, சமையல்காரருக்கும் காது கொடுக்க நேரம் இருக்கும். ஒன்பது மணிக் கூட்டத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. தட்டு வந்ததும் "சென்ட்சா க்ளூத்தீனே?" என்று மறுபடி கேட்டுவிட்டே கரண்டியை எடுங்கள், மேசைக்கு இரண்டு பாஸ்தா வரும்போது தட்டு மாறுவது சகஜம்.

பயமில்லாதது போலத் தோன்றும் சில பண்டங்களைப் பற்றி: ரிசோத்தோ அரிசிதான், ஆனால் அதில் ஊற்றும் சாறு சூப் கட்டியைக் கரைத்ததா என்று கேளுங்கள், கட்டியில் கோதுமை கலந்திருக்கலாம். ஸ்கலொப்பீனே இறைச்சியை மாவில் புரட்டித்தான் வதக்குவார்கள். கத்தரிக்காய் பார்மிஜானாவிலும் பல இடங்களில் மாவு உண்டு. பேஷமெல் என்ற வெள்ளை சாஸின் அடிப்படையே மைதா. கிரில்லில் சுட்ட மீன் வேண்டுமென்றால், அதே கம்பியில் புருஸ்கெத்தாவுக்கு பிரெட் சுடுகிறார்களா என்று பாருங்கள். தக்காளியும் மொட்சரெல்லாவும் வைத்த காப்ரேசே நிம்மதியான சாப்பாடு, பிரெட் கூடை மேசையிலிருந்து தள்ளியிருந்தால்.

ஐஸ்கிரீமைக் கோப்பையில்தான் வாங்க வேண்டும், இத்தாலியில் அதற்குக் கோப்பெத்தா என்று பெயர். கோன் மீது தேய்த்த கரண்டி எல்லாத் தொட்டிக்கும் போகும். புதிதாகத் திறந்த தொட்டியிலிருந்து, கழுவிய கரண்டியால் தரச் சொல்லுங்கள். காபியில் பயமில்லை, ஆனால் பல கடைகளில் பார்லி காபியும் போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே கைப்பிடி வடிகட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு எடுத்துத் தங்கினால்

மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்-ஸ்டிக் சட்டி, பிளாஸ்டிக் வடிதட்டு, டோஸ்டர், பழைய ஸ்பாஞ்ச் ஐந்தையும் ஒரு மூலையில் ஒதுக்குங்கள். புது ஸ்பாஞ்ச், ஒரு சின்ன ஸ்டீல் பாத்திரம், அலுமினியத் தாள் வாங்கினால் போதும். பக்கத்தில் கோதுமைக்காரர் இருந்தால் வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் தனித்தனி டப்பா. வீட்டிலிருக்கும் மோக்கா காபிச் சொம்பில் முன்பு தங்கியவர் பார்லி காபி போட்டிருக்கலாம், நன்றாகத் தேய்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

ரோமுக்கு யாத்திரை போகும் கத்தோலிக்கருக்கு ஒன்று: முற்றிலும் குளூட்டன் இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது, குறைந்த குளூட்டன் அப்பம் செல்லும் என்று வத்திக்கான் 2017-இல் மீண்டும் சொல்லியிருக்கிறது. பூசைக்கு முன்பே குருவிடம் கேளுங்கள். அந்த அப்பம் இல்லையென்றால் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம், ஆனால் தனிக் கிண்ணத்தில். பொதுக் கிண்ணத்தில் அப்பத் துண்டு போட்டிருப்பார்கள்.

தவறி உள்ளே போய்விட்டால் முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. குளூட்டனைச் செரிக்கும் என்று விற்கும் மாத்திரையை நம்பிப் பாஸ்தா சாப்பிடக் கூடாது. வாந்தி, பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், ஓய்வு, சோறு. நிற்காத வாந்தி, மயக்கம் என்றால் 112-ஐ அழையுங்கள். வயிற்றில் ஒன்றுமே தெரியவில்லை என்பதால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. அறிகுறி இல்லாதவருக்கும் குடல் கெடும். எந்தக் கடை, என்ன சாப்பாடு, எத்தனை மணி என்று குறித்துவைத்தால் ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் காட்டலாம்.