நல்லா விளையாடினவர கோச்சாப் போட முதல் இத ஒருக்கா வாசியுங்கோ

காலபோக நெல் வெட்டு முடிய எங்கட பக்கத்தில விளையாட்டுக் கழகங்கள் பொதுக்கூட்டம் வைக்கிறது வழமை, தலைவர் செயலாளர் பொருளாளர் எல்லாம் தெரிஞ்சு முடிய கடைசியில கோச் ஆர் எண்ட கதை வரும், உடன பின் வாங்கில இருந்து ஒருத்தர் "அண்ணையப் போடுங்கோ, அவர விட விளையாடினவன் இஞ்ச ஆர்" எண்டுவார், எல்லாரும் கை தட்ட அதோட கூட்டம் முடிஞ்சிடும். எங்கட கழகமும் அப்பிடித்தான் ஒருக்கா செய்தது. ரெண்டு வருசத்தில 14 பெடியள் கிரவுண்டுப் பக்கம் வாறதயே விட்டிட்டாங்கள். அதுக்குப் பிறகு நான் கன நாள் யோசிச்சு, கனக்க வாசிச்சு, இப்ப கோச் தெரிவு செய்யிற வேலைய எப்பிடிச் செய்யோணும் எண்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறன், கழகம் நடத்துற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதுறன்.

முதல்ல எங்கட கதை. அந்த அண்ணை உண்மையிலயே பெரிய விளையாட்டுக்காரர், அவற்ற இடது கால் உதையப் பாக்கவெண்டே அடுத்த ஊரில இருந்து சனம் சைக்கிள்ல வரும். ஒரு நாள் பின்னேரம் 15 வயசுப் பெடியன் ஒருத்தன் அடிக்கிற பந்தெல்லாம் கோலுக்கு மேலால போய்க்கொண்டிருந்துது. அண்ணை வந்து "இஞ்ச பார்" எண்டு ஒண்டு அடிச்சார், பந்து மூலைக்குள்ள போய் இறங்கிச்சுது. "இப்பிடி அடி." பெடியன் அடிச்சான், திருப்பியும் மேலால. அண்ணை திருப்பியும் அடிச்சுக் காட்டினார். ஆறேழு தரம் இப்பிடியே நடந்து கடைசியில "உனக்கு வராதடா, விடு" எண்டிட்டுப் போட்டார். பெடியன்ர ஊண்டின கால் பந்துக்கு ஒரு சாண் பின்னால நிண்டது, அதால உடம்பு பின்பக்கம் சரிஞ்சுது, அவ்வளவுதான் பிழை. அண்ணைக்கு அது தெரியேல்ல, ஏனெண்டா தன்ர கால தான் எங்க வைக்கிறனெண்டு அவர் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல, அவருக்கு அது சின்ன வயசில தானா வந்தது. பிறகு எங்கட பழைய கோலி, ரெண்டாவது ரீமில கோல் காத்த ஆள், பந்துக்குப் பக்கத்தில செம்மண்ணில பெருவிரலால ஒரு கோடு கீறி "ஊண்டுற கால இதில வை" எண்டார். மூண்டாவது உதை வலைக்குள்ள.

நல்லா விளையாடினவர் நல்ல கோச்சா வருவாரோ எண்ட கேள்விய நூறு வருசத்துக்கு மேல கேட்டுக்கொண்டு இருக்கிற ஒரு இடம் இருக்கு. என்ர மச்சான் மெல்பேர்ணில இருக்கிறார், அவற்ற மகன் ஓஸ்ரேலியன் ரூல்ஸ் விளையாடுறவன், அவையள் ஃபூட்டி எண்டு சொல்லுற அந்த முட்டை வடிவப் பந்து விளையாட்டு, ஒரு பக்கம் 18 பேர், நாலு கம்பம், நடு ரெண்டுக்குள்ளால உதைச்சா 6 புள்ளி, பக்கத்தால போனா 1. அந்த விளையாட்டின்ர பெரிய லீக் 1897ல தொடங்கினது, 1990ல ஏஎஃப்எல் (ஓஸ்ரேலியன் ஃபுட்போல் லீக்) எண்டு பேர் மாத்தினவை. ஆர் எத்தின மச் விளையாடினது, ஆர் கோச்சா எத்தின கப் எடுத்தது எண்டு எல்லாம் எழுதி வச்சிருக்கினம், அதால எங்களுக்குப் பாத்துப் படிக்கிறது சுகம்.

அதில நான் கண்ட முதல் விசயம், பெரிய விளையாட்டுக்காரர் கோச்சா வெல்ல மாட்டார் எண்டது பொய். லீ மத்யூஸ் எண்டவர் ஹோதோர்ன் கழகத்துக்கு 332 மச் விளையாடி 915 கோல் அடிச்சவர், நாலு கப். அவர் கோச்சா வந்து 1990ல கொலிங்வூட்டுக்கு 32 வருசத்துக்குப் பிறகு கப் எடுத்துக் குடுத்தார், பிறகு பிரிஸ்பேன் லயன்ஸோட 2001, 2002, 2003 எண்டு மூண்டு வருசம் தொடர்ந்து எடுத்தார். ஆனா நல்லா விளையாடினவர் எல்லாரும் வெல்லுவினம் எண்டதும் பொய். நேதன் பக்லி கொலிங்வூட்டின்ர பெரிய கப்ரன், 2012ல இருந்து 2021 மட்டும் கோச், 2018 இறுதியாட்டத்தில 5 புள்ளியால தோத்தது, கப் வரேல்ல. ரிம் வொட்சன் எசெண்டன் கழகத்தில எவ்வளவு பெரிய ஆள், செய்ன்ற் கில்டாவுக்குக் கோச்சாப் போய் 2000ல கடைசி இடம்.

அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? என்ர கணிப்பில, விளையாட்ட விட்டதுக்கும் கோச் ஆனதுக்கும் இடையில அவர் என்ன செய்தார் எண்டதில இருக்கு. அதால நீங்கள் ஆரையும் தெரிவு செய்ய முதல் கேக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், எத்தின கோல் அடிச்சார் எண்டு கேக்காதேங்கோ, அடிக்கிறத நிப்பாட்டின பிறகு ஆருக்குப் பக்கத்தில இருந்து பழகினார் எண்டு கேளுங்கோ.

மைக்கல் வோஸின்ர கதை இதுக்கு நல்ல பாடம். பிரிஸ்பேன் அந்த மூண்டு கப் எடுக்கேக்க கப்ரன் அவர்தான். மத்யூஸ் விலக, ஒரு நாளும் கோச் வேலை செய்யாத மனிசன நேர 2009ல தலைமைக் கோச்சாப் போட்டினம். முதல் வருசம் பரவாயில்ல, பிறகு ரீம் கீழ இறங்கி, 2013ல வேலை போச்சு. பெரிய பேர் உள்ள மனிசன் அதோட வீட்ட போய் இருந்திருக்கலாம். அவர் போர்ட் அடிலெய்டில உதவிக் கோச்சாச் சேந்து ஏழு வருசம் இன்னொருவருக்குக் கீழ வேலை செய்தார். 2022ல கார்ல்ரன் அவரக் கூப்பிட்டுது, 2023ல இறுதியாட்டத்துக்கு முந்தின ஆட்டம் வரைக்கும் கொண்டு போனார். அதே ஆள்தான், நடுவில படிச்ச ஏழு வருசம்தான் கூட.

விளையாடியும் கோச்சா இருந்தும் பேர் எடுத்த ரொன் பராசியின்ர கதைய வாசிக்கேக்க எனக்கு மனசு ஒரு மாதிரிப் போச்சு. தகப்பன் 1941ல ரெண்டாம் உலக யுத்தத்தில, லிபியாவில நடந்த தோப்ரூக் சண்டையில செத்துப் போனார். பெடியன் பிறகு மெல்பேர்ண் கழகத்தின்ர கோச் நோர்ம் ஸ்மித்தின்ர வீட்டில தங்கி வளந்தவர். ஸ்மித் அந்தக் கழகத்துக்கு ஆறு கப் எடுத்துக் குடுத்த மனிசன், அப்ப பராசி சாப்பாட்டு மேசையிலயே கோச் வேலை படிச்சிருப்பார். எங்கட ஊரிலயும் தகப்பன் இல்லாத பெடியள் கிரவுண்டுக்கு வாறாங்கள், அவங்களுக்குக் கோச் எண்டது பந்து சொல்லிக் குடுக்கிற ஆள் மட்டுமில்ல, இத தெரிவு செய்யேக்க நினைவில வச்சிருங்கோ.

சரி, இப்ப வேலை. கூட்டத்துக்கு ஒரு மாசம் முதலே தொடங்கோணும். ரெண்டு மூண்டு பேர மனசில வச்சுக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட சின்னனுகள ரெண்டு கிழமைக்குக் குடுங்கோ. ஒரு நிபந்தனை, அவர் பந்தத் தொடக் குடாது, வாயால மட்டும் சொல்லிக் குடுக்கோணும். ஆர் கோச் ஆர் வெறும் விளையாட்டுக்காரர் எண்டு முதல் நாளே விளங்கிடும். நீங்கள் ஓரத்தில நிண்டு பாருங்கோ, பிள்ளை பிழை விட்டா அவற்ற கண் பந்துக்குப் பின்னால போகுதோ இல்ல பிள்ளையின்ர காலுக்குப் போகுதோ. கால பாக்கிற ஆள கைவிடாதேங்கோ. ஒரு விதமாச் சொல்லி விளங்காட்டி வேற விதமாச் சொல்லுறாரோ, அதே வசனத்த சத்தமாச் சொல்லுறாரோ எண்டதும் முக்கியம். கெட்டிக்காரப் பிள்ளையோடயே நேரத்தப் போக்கிறவர் எண்டா அதையும் குறிச்சு வையுங்கோ.

அடுத்தது ஒரு சிநேகபூர்வ மச் வையுங்கோ, வேணுமெண்டே பலமான ரீமோட. தோத்துக்கொண்டு இருக்கேக்க இடைவேளையில என்ன சொல்லுறார் எண்டு கிட்டப் போய்க் கேளுங்கோ. 1970 இறுதியாட்டத்தில, 121,696 சனம் பாக்க, பராசி கோச்சா இருந்த கார்ல்ரன் இடைவேளைக்கு 44 புள்ளி பின்னால. அவர் பெடியளுக்குக் குடுத்தது வேற வேலை, பந்தக் கையால தட்டிக் குடுத்து வேகமா ஓடுங்கோ எண்டது. வெளியில இருந்த ரெட் ஹொப்கின்ஸ இறக்கினார், அவர் நாலு கோல் அடிச்சார். கொலிங்வூட்ட 10 புள்ளியால வெண்டினம். "உயிரக் குடுத்து விளையாடுங்கடா" எண்டு கத்துறது எல்லாருக்கும் ஏலும், அந்தப் பத்து நிமிசத்தில பெடியனுக்கு என்ன மாத்தோணும் எண்டு ஒண்டு ரெண்டு விசயம் சொல்ல ஏலுமோ எண்டு பாருங்கோ.

இன்னும் விளையாடிக்கொண்டு இருக்கிற ஆள கோச்சாப் போடாதேங்கோ. ஜோன் நிக்கல்ஸ் 1972ல கார்ல்ரனுக்குக் கப்ரனும் கோச்சுமா நிண்டு வெண்டவர்தான், ஆனா எல்லாராலயும் அது ஏலாது. மல்கம் பிளைட் 1981ல நோர்த் மெல்பேர்ணுக்கு விளையாடிக்கொண்டே கோச்சா இருந்து தொடர்ந்து தோத்து, கோச் பதவிய விட்டார், விட்ட கையோட அடுத்த மச்சில 11 கோல் அடிச்சார்! பிறகு அவர் சின்ன லீக்கில கோச்சா இருந்து படிச்சு, ஜீலோங்க மூண்டு இறுதியாட்டத்துக்குக் கொண்டு போய் மூண்டும் தோத்து, 1997லயும் 1998லயும் அடிலெய்டோட கப் எடுத்தார்.

பேர் இல்லாத ஆக்களையும் தேடிப் பாருங்கோ, நான் திருப்பித் திருப்பிச் சொல்லுவன். கிறிஸ் ஃபேகன் எண்டவர் ரஸ்மேனியாக்காரர், வாத்தியாரா இருந்தவர், அந்தப் பெரிய லீக்கில ஒரு மச் கூட விளையாடினதில்ல. மற்றக் கோச்சுகளுக்குக் கீழ வருசக் கணக்கா வேலை செய்து 2017ல பிரிஸ்பேனப் பொறுப்பெடுத்தார், அந்த வருசம் கடைசி இடம். கழகம் அவரக் கலைக்கேல்ல. 2024ல கப், 2025லயும் கப். உங்கட கிரவுண்டில பிரக்டிஸ் முடிய ஆர் பந்தெல்லாம் பொறுக்கிக் கட்டுறது, எந்தப் பெடியன் வயலுக்குப் போனதால வரேல்ல, எவன் சப்பாத்து இல்லாததால வரேல்ல எண்டு ஆருக்குத் தெரியும், அந்த ஆள ஒருக்கா கூப்பிட்டுக் கதையுங்கோ.

கஷ்டமான வேலை, பெரிய விளையாட்டுக்காரருக்கு இல்ல எண்டு சொல்லுறது. அத கூட்டத்தில வச்சுச் செய்யவே குடாது. ஊருக்குள்ள மரியாதையான ரெண்டு மூத்த ஆக்களோட கூட்டத்துக்கு முதல் கிழமையே அவற்ற வீட்ட போங்கோ. "உங்கள விட்டா ஆரண்ணை முன்வரிசைப் பெடியளுக்கு அடிக்கப் பழக்கிறது, கிழமையில ரெண்டு நாள் வாங்கோ, ஒரு வருசம் பக்கத்தில நிண்டு பாருங்கோ, அடுத்த முறை கதைப்பம்" எண்டு மனசாரச் சொல்லுங்கோ, மத்யூஸும் கொலிங்வூட்டில முதல் உதவிக் கோச்சாத்தான் சேந்தவர் எண்டதையும் சொல்லுங்கோ. நாங்கள் இத முதலே செய்திருந்தா அந்த 14 பெடியளும் இண்டைக்கு விளையாடிக்கொண்டு இருப்பாங்கள், அண்ணையும் எங்களோட கதைக்காமல் விட்டிருக்க மாட்டார்.

தெரிவு செய்த பிறகு மூண்டு வருசமாவது குடுங்கோ, ஒரு சுற்றுப்போட்டி தோத்த உடன மாத்தாதேங்கோ. கூட்டக் குறிப்பில எத்தினையாம் மாசத்தில இருந்து எத்தினையாம் மாசம் வரை, கிழமைக்கு எத்தின நாள், மாரி மழைக்கும் வெட்டு நேரத்துக்கும் என்ன செய்யிறது, பெற்றோல் காசு எவ்வளவு எண்டு எழுதி கோச்சும் செயலாளரும் கையெழுத்து வையுங்கோ. ஒரு சீஆர் கொப்பி வாங்கி அவரிட்டக் குடுங்கோ, ஒவ்வொரு பின்னேரமும் வந்த பெடியன்ர பேர், வராதவன் ஏன் வரேல்ல எண்டு அதில எழுதோணும், மாசக் கடைசியில கழகக் கூட்டத்தில முதல்ல அந்தக் கொப்பியத் திறந்து பாத்திட்டு மற்றக் கதையக் கதையுங்கோ.