எல்லாச் சபையாரையும் அழைத்து ஒரு செபக்கூட்டம்: பங்கில் நடத்துவது எப்படி?

இதற்கு ஏற்ற காலம், எல்லாச் சபையாரும் சேர்ந்து செபிக்கும் கிறிஸ்தவ ஒற்றுமை வாரம். அது ஜனவரி 18இல் தொடங்கி, பவுல் மனம் மாறிய திருநாளான 25இல் முடியும். மதுரைப் பக்கம் அது பொங்கலும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்த கையோடு வருகிறது. டிசம்பரில் யோசித்தால் ஆளும் சிக்காது, மைக் செட்டும் சிக்காது. அக்டோபரிலேயே பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு, பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர், லுத்தரன் போதகர், பெந்தெகொஸ்தே பாஸ்டர் எல்லாரையும் நேரில் போய்ப் பாருங்கள். நிகழ்ச்சியை முடிவு செய்துவிட்டு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பினால், "வந்து உட்காரத்தான் கூப்பிடுறாங்க" என்று ஆகிவிடும். சபைக்கு ஒருவராகக் குழு அமையட்டும்.

கிழமை பார்ப்பது முக்கியம். செவ்வாய் அந்தோணியார், புதன் சகாய மாதா நவநாள், வெள்ளி பல சபைகளில் உபவாச ஜெபம். வார நாளில் மிஞ்சுவது திங்களும் வியாழனும். மாலை ஆறரைக்குத் தொடங்கி 75 நிமிடத்தில் முடியுங்கள்.

அழைப்பிதழில்தான் முதல் வம்பு வரும். கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யிலோ உள்ளூர் சபையை நடத்துபவரே ஆயர், திருமண்டலத் தலைவர் பேராயர். மதுரைக் கத்தோலிக்கத் தலைவரும் பேராயர்தான். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் கீழே சபையின் பெயரைப் போடுங்கள். வரிசை அகர வரிசை. மற்ற சபையாரைக் கத்தோலிக்கர் குறிப்பிட்டு வந்த 'பிரிந்த சகோதரர்கள்' என்ற சொல் ஃபிளெக்ஸில் தப்பித் தவறியும் வரக்கூடாது.

திருப்பலி (நற்கருணை வழங்கும் பூசை) வைக்காதீர்கள். கத்தோலிக்கத் திருஅவைச் சட்டம் 844இன்படி மற்ற சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கொடுக்க முடியாது. சாவு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு உண்டு. அழைத்து வந்தவர்களை வரிசை நகரும்போது பெஞ்சில் உட்கார வைப்பதைவிட, வாசகமும் பாட்டும் மன்றாட்டுமாக ஒரு வழிபாடு போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது கையில் கொடுக்கும் தாளுக்கு. ஏ4 தாளை மடித்து நான்கு பக்கம், 14 புள்ளி எழுத்து. மனப்பாடமாகத் தெரிந்த செபத்தில்தான் எல்லாரும் இடறுவார்கள். ஒரு பக்கம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கும்போது மறுபக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று போகும். கத்தோலிக்கர் 'தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்' என்றதும் ஆமென் சொல்லி நிறுத்த, மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியே தொடர்வார்கள். திருப்பலியில் சற்றுத் தள்ளி "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்" என்று கத்தோலிக்கரும் சொல்வதுதான். அந்த இடைவெளிதான் குழப்பம். ஒரே வடிவத்தை முழுதாக அச்சிட்டு, "தாளைப் பார்த்து" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்த முறை மற்ற வடிவம்.

வாசகத்தை எல்லாருக்கும் பொதுவான 66 நூல்களிலிருந்தே எடுங்கள். சீராக், தோபித்து எல்லாம் நல்ல நூல்கள்தான், ஆனால் மற்ற சபையாரின் வேதாகமத்தில் இராது. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய 1995 பொது மொழிபெயர்ப்பு கைக்கு எளிது. சங்கீதம் என்று தேடுபவருக்காகத் 'திருப்பாடல்/சங்கீதம் 133' என இரண்டு பெயரையும் போடுங்கள். விசுவாச அறிக்கை முதல் முறை வேண்டாம். அதில் வரும் 'கத்தோலிக்க' என்ற சொல்லுக்கு 'பொதுவான' என்றுதான் பொருள் என விளக்கப் போனால் பத்து நிமிடம் போய்விடும்.

மறையுரை 12 நிமிடம். விருந்தளிக்கும் பங்கின் குருவைத் தவிர வேறு யாராவது. மன்றாட்டில் கத்தோலிக்கர் ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்லிப் பழகியவர்கள், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பவர்கள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள். சத்த ஜெபத்துக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி, முடிக்கும் அடையாளமாகக் கீபோர்டுக்காரர் ஒரு பல்லவியை எடுக்கட்டும். மைக்கில் "போதும்" என்று சொல்ல நேர்ந்தால் மனம் கோணும்.

முதல் முறை கோயிலுக்குள் வேண்டாம், பங்கு மன்றத்தில் வையுங்கள். கோயில்தான் என்றால் சுரூபங்களை (சிலைகளை) துணியால் மூடாதீர்கள், வருகிறவர்களுக்கு எங்கே வருகிறோம் என்று தெரியும். சாம்பிராணியைத் தவிர்க்கலாம். மேசையில் சிலுவை, திறந்த விவிலியம், ஒரு மெழுகுவர்த்தி. வாசல் தட்டில் பன்னீரும் கற்கண்டும் இருக்கட்டும்; குங்குமம் வேண்டாம், பொட்டு வைக்காத பெண்கள் தர்மசங்கடப்படுவார்கள்.

காணிக்கை எடுப்பதா, யாருக்கு என்பதைக் குழு எழுதி முடிவு செய்துவிட வேண்டும். கைப்பிரதி விநியோகமும், "எங்க சபைக்கு வாங்க" என்று போன் எண் வாங்குவதும் கூடாது. இதை எல்லாத் தரப்பும் முன்பே ஒப்புக்கொள்ளட்டும், ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

முடிந்ததும் சுண்டலும் டீயும். வந்தவர்கள் கலைவதற்குள் அடுத்த ஆண்டு எந்தச் சபை வளாகம் என்று கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.