மினிட்ஸ் புத்தகத்தில் பிழை இருந்தால் எப்படித் திருத்துவது?

சங்கக் கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, அதன் முடிவுகளைப் பதியும் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் பிழை கண்ணில் படும். தரைத்தொட்டியைச் சுத்தம் செய்ய ரூ.8,400 என்று முடிவானது ரூ.4,800 என்று பதிவாகியிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளரின் கை உடனே ஒயிட்னரைத் தேடும். முதலில் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

1. பதிவில் பிழையா, முடிவில் பிழையா?

வியாசர்பாடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பழுதுபார்க்கும் வேலையை ஒருவருக்குக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மறுவாரம் கொருக்குப்பேட்டையில் ஒருவர் குறைந்த கூலிக்குச் செய்வதாகத் தெரியவருகிறது. இதற்காக மினிட்ஸைத் தொடக் கூடாது. அன்று நடந்தது அதுதான். வேண்டுமானால் புதிய தீர்மானம் கொண்டுவாருங்கள். “நான் பேசியதை எழுதவில்லையே” என்று குறைப்படுபவர்களும் உண்டு. எடுத்த முடிவைப் பதிவதுதான் மினிட்ஸின் வேலை, எல்லாருடைய பேச்சையும் அல்ல. ஆனால் இருவர் எதிர்த்து வாக்களித்திருக்க, ‘ஏகமனதாக’ என்று எழுதியிருந்தால் அது திருத்தியே ஆக வேண்டிய பிழை.

2. ஆதாரத்தை எடுங்கள்

கூட்டத்தில் எழுதிய கைக்குறிப்பு, விலைப்புள்ளி, வருகைக் கையெழுத்து, கூட்ட அறிவிப்பு. நினைவை மட்டும் நம்பினால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள்.

3. தலைவர் கையெழுத்திட்டுவிட்டாரா?

இடவில்லை என்றால் வேலை எளிது. தவறான சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். பழைய எழுத்து அடியில் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெறும்போது, கையெழுத்திடும் தலைவர் திருத்தத்தின் பக்கத்திலும் சுருக்கொப்பமும் தேதியும் போடட்டும்.

கையெழுத்தாகிவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். தாளைக் கிழிப்பதும், மேலே வேறு தாள் ஒட்டுவதும் கூடவே கூடாது. கம்பெனிகளுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் பக்கங்களுக்குத் தொடர் எண் இடச் சொல்கின்றன, ஒட்டுவதைத் தடுக்கின்றன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான நலச் சங்கத்தை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கடைப்பிடியுங்கள், கணக்கில் தகராறு வரும் நாளில் ஒட்டிய தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

4. திருத்தத் தீர்மானம்

கையெழுத்தான பக்கத்தின் பிழையைப் புதிய தீர்மானத்தால் திருத்துங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் எழுப்பினால் ஏதோ மறைக்கிறீர்கள் என்ற பேச்சு கிளம்பும். தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

“சென்ற மாதக் கூட்டத்தின் தீர்மானம் எண் 3-இல் ‘ரூ.4,800’ எனப் பதிவானது எழுத்துப் பிழை. அன்று நிறைவேறிய தொகை ரூ.8,400. அவ்வாறே திருத்தி வாசிக்க இக்கூட்டம் தீர்மானிக்கிறது.”

‘சென்ற மாத’ என்ற இடத்தில் முழுத் தேதியை எழுதுங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் கீழே வரும். திருத்தத் தீர்மானம் 61-ஆம் பக்கத்தில் இருந்தால், பழைய பக்கத்தின் ஓரத்தில் ‘திருத்தம்: பக்கம் 61 காண்க’ என்று எழுதித் தேதியிட்டால் போதும்.

5. நகல் எங்கெல்லாம் போயிருக்கிறது?

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் பொருளாளர் மாறினால் தீர்மான நகலை வங்கி கேட்கும். அவருடைய இனிஷியல் ஆதாரில் ‘கே.எஸ்.’, தீர்மானத்தில் ‘எஸ்.கே.’ என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும். பழைய நகலை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். பழைய தீர்மானம், திருத்தத் தீர்மானம் இரண்டின் நகலிலும் ‘உண்மை நகல்’ என்று எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, சங்க முத்திரையுடன் சேர்த்துக் கொடுங்கள். நிர்வாகிகள் பட்டியலை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்திருந்தால் அதிலும் அதே பிழை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.