சந்தனமா, எலுமிச்சையா, மென்தாலா? ஷேவிங் கிரீம் வாசனையை ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

கேரளத்தில் மூணாறு பக்கம் இருக்கும் எங்கள் மறையூருக்கு வரும் சுற்றுலாக்காரர்களில் பாதிப் பேர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சாலையோரம் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நிற்கிற சந்தன மரத்தை நெருங்கி, மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் வராது. "இதுவா சந்தனம்?" என்று முகம் வாடிப்போகும். நிற்கிற மரத்தில் இலைக்கும் மணம் இல்லை, பட்டைக்கும் மணம் இல்லை. மணமெல்லாம் உள்ளே, வயதேறிய வைரப்பகுதியிலும் வேரிலும் இருக்கிறது. மரத்தின் வைரத்துக்கு மலையாளத்தில் 'காதல்' என்று பெயர்; எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வெளியே இருக்கும் வெள்ளை மரத்தை எவ்வளவு உரசினாலும் மணக்காது.

ஷேவிங் கிரீம் வாங்கும்போதும் பலர் இப்படித்தான் தவறான இடத்தில் மூக்கை வைக்கிறார்கள். உடுமலைப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் போன் செய்யும்போதெல்லாம் கேட்பான்: "மாமா, உங்க ஊர்லதான் சந்தனமே இருக்கு. நல்ல ஒரிஜினல் சந்தன கிரீமா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க." ஊரில் சந்தனக் காடு இருக்கிறது, வனத்துறை ஏலமும் நடக்கிறது. ஆனால் மறையூர்க் கடையில் தொங்கும் டியூபும் உடுமலைக் கடையில் தொங்கும் டியூபும் ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்தவைதான்.

முதல் தவறு, அட்டையில் சந்தனம் என்று இருந்தால் உள்ளேயும் சந்தன எண்ணெய்தான் என்று நம்புவது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். நல்ல சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். குறைத்தே வைத்துக்கொண்டாலும் கிராம் 100 ரூபாய். கிரீமில் வாசனைப் பொருள் நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 70 கிராம் டியூபில் அது முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் அசல் எண்ணெய் என்றால் அதற்கு மட்டுமே 70 ரூபாய் ஆகும். டியூபின் விலையோ 100 ரூபாய்க்குள். அதற்குள் சோப்பு, கிளிசரின், டியூப், அட்டை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். முடியாது.

ஆகவே உள்ளே இருப்பது ஆய்வகத்தில் உருவான சந்தன மணம். ஜவனால், பாலிசான்டால், எபனால் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றில் சில மிக நல்ல மணங்கள். காட்டு மரத்தின் மீது விழும் சுமையையும் குறைக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் செயற்கைச் சந்தன மணங்களில் சில, சிலருடைய மூக்கில் ஏறுவதே இல்லை. ஒரே கிரீமை ஒருவர் "தூக்கலா இருக்கு" என்பார், இன்னொருவர் "மணமே இல்லையே" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால் அடுத்தவர் மூக்கை நம்பி விலை உயர்ந்த டப்பா வாங்குவது வீண் செலவு.

அசல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கோயில் சந்தனக்கல் இருக்கிறது. உண்மையான கட்டையைத் தண்ணீர் தெளித்து இழைக்கும்போது வரும் மணம் மூக்கைக் குத்தாது. கொஞ்சம் பால் வாசம், கொஞ்சம் மர வாசம், அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. எழுந்து நிற்காமல் படுத்தே கிடக்கிற மணம். சர்வதேசத் தர அளவுப்படி இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும். இரண்டும் கனமான மூலக்கூறுகள், மெதுவாகத்தான் ஆவியாகும். டியூப் மூடியைத் திறந்ததுமே அறை முழுக்கச் 'சந்தனம்' வீசினால், அது வேறு எதனுடைய துணையோடோ வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயக் கிரீம்கள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 1854-இல் தொடங்கிய டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் கம்பெனியின் சேண்டல்வுட் கிரீம் உலகம் முழுக்கப் பிரபலம். அதைத் திறந்து கோயில் சந்தனத்தைத் தேடுகிற நம் ஊர்க்காரருக்கு முதலில் கிடைப்பது ஜெரேனியமும் லாவெண்டரும் ரோஸ்மேரியும். சந்தனம் அடியில், பச்சௌலி, வெட்டிவேர் கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கும். அது குறையல்ல, அவர்கள் மரபு அப்படி. 1882-இல் பிரான்ஸில் ஃபூஜேர் ரொயால் என்ற வாசனைத் திரவியம் வந்தது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, வைக்கோல் போல மணக்கும் கூமரின் ஆகியவற்றைச் சேர்த்த அந்தக் கட்டமைப்புதான் மேற்கத்திய சலூன் வாசனைக்கே அடித்தளம். அவர்களுடைய சேண்டல்வுட்டும் பெரும்பாலும் அந்த வழியில் நடப்பதுதான். நமக்குச் சந்தனம் என்றால் நெற்றி, கல்யாணப் பந்தல். அவர்களுக்குச் சேண்டல்வுட் என்றால் மழித்து முடித்த கன்னம். ஒரே பெயருக்குள் இரண்டு நினைவுகள் இருப்பதால்தான் ஒப்பீடு தடம் புரள்கிறது.

இங்கேயே இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளில் வளரும் செம்மரம், அதாவது ரத்த சந்தனம், வேறு மரம். அதற்கு நிறம் உண்டு, சந்தன மணம் கிடையாது. 'செஞ்சந்தனம் சேர்ந்தது' என்று அட்டையில் பார்த்து மணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்து, குளிர்ச்சி. சந்தனம் குளிர்ச்சி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நெற்றியில் பூசும் சந்தனம் குளிர்வது, குழம்பில் இருக்கும் தண்ணீர் மெல்ல ஆவியாவதால். கிரீமில் இருக்கும் சந்தன மணம் அந்த வேலையைச் செய்யாது. "சந்தன கிரீம் வாங்கினேன், ஜில்லுனு இல்லையே" என்று குறை சொல்பவர்கள் தேடுவது, புதினா வகையில் இருக்கும் மென்தாலை. மென்தாலும் தோலைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். கோடையில் அது சுகம். ஆனால் ஜனவரியில் மூணாறு பக்கம் விடிகாலையில் மென்தால் கிரீம் போட்டுப் பாருங்கள், கன்னம் விறைத்தது போல இருக்கும். அப்புறம், அந்த விறைப்பு பிளேடின் எரிச்சலை மறைத்துவிடும். எரியவில்லையே என்று நினைத்து ஒரே இடத்தில் நாலு முறை இழுப்பார்கள். எரிச்சல் அரை மணி நேரம் கழித்துத் தெரியும். மென்தால் போட்டால் கையை அளந்து வையுங்கள்.

இப்போது முக்கியமான தவறுக்கு வருகிறேன். பலர் மணத்தை டியூப் வாயில் மோந்து முடிவு செய்கிறார்கள். ஷேவிங் கிரீம் மணக்க வேண்டிய இடம் டியூப் அல்ல, நுரை.

எங்கள் பஜார் சலூன்காரர் எனக்கு இதைக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சந்தன கிரீமும் ஓர் எலுமிச்சை கிரீமும் எடுத்தார். பாதாம் பருப்பு அளவுக்கு ஒவ்வொன்றிலும் பிதுக்கி, இரண்டு ஸ்டீல் கிண்ணத்தில் வைத்தார். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து, உதறி, சுற்ற ஆரம்பித்தார். பத்துச் சுற்றுக்குள் எலுமிச்சை கடை முழுக்கப் பரவியது. சந்தனம் வாயே திறக்கவில்லை. "இப்ப சொல்லுங்கண்ணே, எது நல்ல வாசம்?" என்றார். எலுமிச்சை என்றேன். சிரித்துவிட்டு வேறு ஒருவருக்கு முடி வெட்டப் போனார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு கிண்ணத்தையும் நீட்டினார். எலுமிச்சைக் கிண்ணத்தில் சோப்பு வாசம் மட்டும் மிச்சம். சந்தனக் கிண்ணம் அப்போதுதான் மணக்கத் தொடங்கியிருந்தது.

எலுமிச்சை மணம் லேசான மூலக்கூறுகளால் ஆனது. வெந்நீர் பட்டதும் பறந்துவிடும். சந்தனம் கடைசி வரை தங்கும். ஆகவே இரண்டையும் ஒரே நொடியில் மோந்து ஒப்பிடுவது, ஓட்டக்காரனையும் மலையேறுபவனையும் நூறு மீட்டரில் ஓடவிடுவது போல. நுரை எழும்போது, இரண்டாம் முறை மழிக்கும்போது, முகம் கழுவிப் பத்து நிமிடம் ஆனபின் என்று மூன்று நேரங்களில் கவனியுங்கள். எனக்கு மூன்றாவது நேரம்தான் பெரிது. கழுவிவிடும் பொருள் என்பதால் அப்போது மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் சந்தனத்தின் அழகே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. இங்கே ஓடைத் தண்ணீரில் குழைக்கும் கிரீம் வழவழவென்று பொங்கும். அதே டியூபை உடுமலையில் அக்கா வீட்டுப் போர் தண்ணீரில் குழைத்தால் நுரை சட்டென்று வற்றிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து படிவாகிவிடும். நுரை சரியாக எழாவிட்டால் மணமும் எழாது. கிரீம் மட்டம் என்று முடிவு கட்டும் முன் ஒருநாள் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த குடிநீரில் குழைத்துப் பாருங்கள்.

ஒரே நாளில் ஐந்தாறு டியூபை மோந்து பார்ப்பதும் பயனில்லை. மூன்றாவதோடு மூக்கு களைத்துவிடும். கடைகளில் காப்பிக்கொட்டை நீட்டுவார்கள். வெளியே போய் நல்ல காற்று வாங்கினாலே போதும். அதைவிட, ஒரு நாளைக்கு ஒரு கிரீம். அன்றைக்கு ஜவ்வாது, அத்தர், வாசனைப் பவுடர், ஆஃப்டர்ஷேவ் எதுவும் வேண்டாம். மழித்த பின் படிகாரக் கல் தடவலாம், அதற்கு மணமில்லை.

நல்ல மணம் என்றால் நல்ல மழிப்பு என்று நினைப்பதும் பரவலான தவறு. பிளேடு வழுக்குவது ஸ்டியரிக் அமிலம், தேங்காய் எண்ணெய்க் கொழுப்பு, பொட்டாசியம் சோப்பு, கிளிசரின் இவற்றின் தயவில். மணத்துக்கு அதில் பங்கே இல்லை. இத்தாலிய ஷேவிங் கிரீம் கம்பெனியான ப்ரொராசோவில் பச்சை நிறம் யூக்கலிப்டஸும் மென்தாலும், சிவப்பு நிறம் சந்தனமும் ஷியா வெண்ணெயும். சிவப்பு மிருதுவாக இருந்தால் அந்தப் பாராட்டைச் சந்தனத்துக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனி மாறினாலும் மணம் மாறினாலும், கடைசியில் கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

தோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இயற்கை எண்ணெய் ஒவ்வாமை தராது என்பது தவறான நம்பிக்கை. எலுமிச்சை, ஆரஞ்சு மணங்களில் வரும் லிமோனீனும், லாவெண்டரில் வரும் லினாலூலும் காற்றுப்பட்டு மாறும்போது சிலருக்கு அரிப்பு தரும். மூடி திறந்தே கிடந்த பழைய டியூபை அதனால்தான் தூக்கிப்போடச் சொல்கிறேன். ஐரோப்பாவில் கழுவிவிடும் பொருளில் இவை 0.01 விழுக்காட்டைத் தாண்டினாலே அட்டையில் பெயர் போட வேண்டும். புது கிரீமை இரண்டு நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று: எலுமிச்சை கிரீம் பிடித்துப்போய், ஷேவ் முடிந்ததும் எலுமிச்சைப் பழத்தையே நறுக்கித் தேய்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பழத்தோலின் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளம் கட்டி, கறுப்புத் தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். கரும்புக் காட்டு வேலைக்கு வெயிலில் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அக்கா மகனுக்குப் போன மாதம் மூன்று சின்ன டியூப் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று சந்தனம், ஒன்று எலுமிச்சை, ஒன்று மென்தால். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். மூன்றாவது வாரம் போன் வந்தது. வேலைக்குப் போகும் நாளில் எலுமிச்சை, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சந்தனம், மென்தாலை அவன் அப்பா எடுத்துக்கொண்டாராம்.